கொடுக்காத பந்து

1953 ஜூன் 7, வரதோலி, பிஜி
முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. காலையில் ஆற்றங்கரையில் ஓடினேன். பகல் முழுக்கத் தையல் மிஷினை மிதித்தும் வலிக்கவில்லை.

ஜூன் 14
பிஜி அணிக்கு ஆள் எடுக்கும் கமிட்டி இன்று எங்கள் ஊர் அணியின் கால்பந்து ஆட்டம் பார்க்க வந்தது. எங்கள் அணித்தலைவன் ராஜேந்திரா, என் காதுபடவே அவர்களிடம் சொன்னான்: "எங்க தாத்தா கிர்மிட்டுன்னு கூலி ஒப்பந்தம் எழுதி வந்து கரும்பு வெட்டுனவரு. இந்த தாவூத் கப்பல் டிக்கெட் எடுத்து நேத்து வந்தவன். இவன் எப்படிங்க பிஜிக்காரன்?"

சிரித்தார்கள். நேத்தா? பன்னிரண்டு வயதில் நாகூரிலிருந்து வாப்பாவோடு கப்பலேறினேன். பதினைந்து வருஷம். வாப்பாவை இந்த மண்ணில்தான் அடக்கினோம்.

ஜூன் 15
பட்டியலில் அவன் இருக்கிறான். நான் இல்லை.

ஜூலை 2
மறக்க மாட்டேன். மறந்தால் நான் மனுசனே இல்ல.

ஆகஸ்ட் 9
பிஜி அணியில் இருந்த நவுசோரி ஆட்டக்காரனுக்குக் கால் முறிந்து, அவன் இடத்துக்கு என்னை அழைத்திருக்கிறார்கள். தலைநகர் சுவாவில், கப்பலில் வரும் வெள்ளைக்கார அணியோடு ஆட்டம். என் மனைவி அஸ்மா வாப்பாவை நினைத்து அழுதுவிட்டாள். "மாமாவுக்குப் பாக்கக் கொடுத்து வைக்கலியே!" நான் ராஜேந்திராவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 23, சுவா
தோற்றோம். அவர்கள் இரண்டு, நாங்கள் ஒன்று. அந்த ஒன்று என்னுடையது.

கடைசி நிமிஷம் பந்து என் காலில். இரண்டு பேர் மறித்தார்கள். கோலுக்கு நேரே ராஜேந்திரா தனியாக நின்று கத்தினான்: "தாவூத், குடு! குடுடா!"

பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். கொடுக்கவில்லை. நானே அடித்தேன் — கம்பத்தில் பட்டு வெளியே போனது. விசில்.

கெஞ்சினேல்ல? நேத்து வந்தவன்கிட்ட நீ கெஞ்சினேல்ல, ராஜேந்திரா?

ஆகஸ்ட் 24
பேப்பரில் என்னைப் புகழ்ந்திருக்கிறார்கள். ராஜேந்திரா சரியாக ஆடவே இல்லையாம். பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "என்னயப் பாத்தியா, பாக்கலியா? அத மட்டும் சொல்லு."

"பாக்கல."

எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டான். எனக்கு இனித்தது.

ஆகஸ்ட் 26
சோறு போடும்போது அஸ்மா கேட்டாள்: "நானும் பொம்பளைங்க பக்கம் உக்காந்து பாத்தேன். அவரு தனியாத்தான நின்னாரு?"

"ஆட்டத்தப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?" என்று கத்திவிட்டேன்.

1954 மே 16
புதுப் பட்டியல் வந்தது. பிஜி அணிக்கு நானே தலைவன். ராஜேந்திரா பெயர் இல்லை. தையல் கடைக்கு ஆள்மேல் ஆள் வந்து கை கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து அஸ்மாவிடம், "சனிக்கிழமை காலைல ரெண்டு பேரும் ஆட்டத்துக்குக் கெளம்பணும், பெட்டியக் கட்டு" என்றேன்.

என் துணிகளை மட்டும் மடித்து வைத்தாள். "நான் அன்னிக்குப் பாத்தது போதும். நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.