காலியாகத் திரும்பாத லாரி

என்னோடு இன்னும் ஒரு வழக்கு தீராமல் இருக்கிற என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் வருஷம் திரும்பப்போகிறது. உங்கள் சாம்பலை வைத்த மயானத் தோட்டச் சுவரில் பெயர்த் தகடு இன்னும் ஏறவில்லை. பெயருக்குக் கீழே ஒரு வரிக்குத்தான் இடமாம். அந்த ஒரு வரிக்காக நானும் தம்பி செந்திலும் மாதக்கணக்காகச் சண்டை போடுகிறோம். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லாவிட்டால் வெறும் பெயரோடு பதித்துவிடுவார்களாம்.

'காலாட்படை வீரர்' என்று இருக்க வேண்டும் என்கிறான் அவன். 'பட்டாளத்து லாரி ஓட்டுநர்' என்பது என் கட்சி. போர் முழுக்க நீங்கள் ஓட்டியது சரக்கு லாரி. பாலம் தகர்ந்து லாரிகள் நின்றுபோன கடைசி நாட்களில்தான் ஓட்டுநர்கள் கையிலும் துப்பாக்கியைக் கொடுத்துப் பதுங்குகுழிக்கு அனுப்பினார்கள். சில நாள் உத்தியோகத்தையா தகட்டில் போடுவது?

"அப்பா சண்டை போட்டவரு, அக்கா. உனக்கு அது பிடிக்கலன்னா அவர் என்ன பண்ணுவார்?" என்றான், வெளியூரில் அவன் குடியிருக்கும் ட்ருகனினாவிலிருந்து, போனில். உண்மைதான், எனக்குப் பிடிக்கவில்லை. யாரையும் சுடாத அப்பாதான் எனக்கு வசதி.

இத்தனைக்கும் காரணம் நீங்கள். அவனுக்குக் குழியை மட்டும் சொன்னீர்கள்: ஈர மண், பக்கத்தில் படுத்திருந்த மலையாளத்துக்காரர், துப்பாக்கி விசையில் வைத்த விரல். எனக்கு லாரியை மட்டும்: சேற்றில் சிக்கிய சக்கரம், பருப்பு மூட்டைமேல் குறட்டை விட்ட சமையல்காரர், திரும்பி வரும்போது ஆட்டுக்குட்டி மாதிரிக் குதிக்கும் காலி வண்டி. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு போர். எதற்கு இந்தப் பங்கீடு? நான் பெண் என்பதாலா?

காரில் உங்களை ஏற்றினால் அது தனித் தொல்லை. பரமட்டா போகிற சாலையில், காலை நெரிசலில், முன்னால் போகும் வண்டிக்கு ஒரு தெரு நீளம் இடம் விடச் சொல்வீர்கள். விட்ட இடத்தில் நாலு கார் நுழையும். மறுபடி பின்தங்கச் சொல்வீர்கள். ஏன் என்று கேட்டால், 'ரோட்டைப் பாரு' என்பீர்கள். எத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்!

போன ஞாயிறு மேய்ஸ் ஹில் கோயிலிலிருந்து திரும்பும்போது, ஸ்பீக்கரில் செந்திலோடு அதே வாக்குவாதம். காலி லாரி கதையைச் சொல்லி, இதுதான் அப்பா என்றேன். பின்சீட்டிலிருந்த அம்மா குறுக்கிட்டாள்.

"காலியா எங்கடி வந்துச்சு? போறப்ப பெட்ரோலும் குண்டும். வர்றப்ப அடிபட்டவங்க. பாதி வழியிலேயே முனகல் நின்னுடுமாம். முன்னாடி போன லாரி வெடிச்சு, அதை ஒட்டிப் போன லாரியும் சேந்து எரிஞ்சதைப் பாத்தவரு. அதான் ஒட்டிப் போகாதேன்னு உன்னை அறுத்தாரு. குழிக்குப் போனப்ப நிம்மதியா இருந்துச்சுன்னாரு. பிள்ளைங்ககிட்ட சொல்லாதேன்னும் சொன்னாரு."

பிறகு, "லாரின்னே போட்டுடுக்கா," என்றான் செந்தில்.

ஜெயித்தது நான். ஆனால் நான் கேட்ட லாரி இது இல்லையே, அப்பா. வரலாறு படித்து, அதையே பாடம் நடத்திச் சம்பாதிக்கிறவள் நான். யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்பவள். என்னிடமா ஆட்டுக்குட்டிக் கதை? சொல்லியிருந்தால் தாங்கியிருக்க மாட்டேனா? அல்லது தாங்க முடியாதவர் நீங்களா? இனி யாரிடம் கேட்பது?

வெள்ளிக்கிழமை நானே போய் அந்த வரியைக் கொடுக்கிறேன். படிப்பவர்கள் பருப்பு மூட்டை என்றே நினைத்துக்கொள்ளட்டும். உங்கள் விருப்பமும் அதுதானே. ஆனால் செந்திலின் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகும்போது, அந்த வண்டியில் படுத்து வந்தவர்களைப் பற்றியும் சொல்வேன். உங்களிடம் அனுமதி கேட்கவில்லை.

கோபம் ஆறாத,
உங்கள் மூத்த மகள்