ஃபேக்ஸ் வாங்கிக்கிட்ட மன்னிப்பு

ஒரே லைன்ல போன், ஃபேக்ஸ், ஆன்சரிங் மெஷின் மூணையும் கோத்துவிட்ட மகா மேதைக்கு,

சாப்பாடு அடுப்பு மேல மூடி இருக்கு.

நேத்து சண்டை போட்டுட்டுக் கிளம்பினேன்ல, மனசு கேக்காம தையல் கடையிலேர்ந்து மூணு தடவை கூப்பிட்டேன். மூணு தடவையும் உங்க ஃபேக்ஸ்தான் முந்திக்கிட்டு எடுத்து, காதுல கீச்சுன்னு கத்துச்சு. முதல் தடவை நீங்கதான் கத்தறீங்கன்னு நினைச்சு, "சரி, தப்பு என் மேலதான்"னு சொல்லிட்டேன். கடையே சிரிச்சுது. வீட்டுக்கு வந்தா நீங்க முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தீங்க, நானும் முறுக்கிக்கிட்டுப் படுத்துட்டேன்.

இன்னைக்கு நாலு மணிக்குக் கூப்பிடறேன். ஃபேக்ஸ் ஒயரைப் பிடுங்கிட்டு நீங்களே எடுங்க.

சாவி உங்க பழைய ஷூவுக்குள்ள.

இடமில்ல, ஓரத்துல எழுதறேன்: மறுபடியும் அதுவே எடுத்தா, தப்பு உங்க மேலதான்.