நாற்பத்தொன்றாம் பிளேட்

12-1-1971, செவ்வாய். சித்தேரி.
நிலாக் காலம். படம் எடுக்க முடியாது. தகர ஷெட்டில் நானும் டெலஸ்கோப்பும்தான். ஆராய்ச்சிக்காரர் ராஜப்பன் சார் பெங்களூரிலிருந்து அடுத்த வாரம்தான் வருவார். அரூர் ஸ்டுடியோ வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து ஒரு மாதமாகிறது. புஷ்பமேரியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டேன், அதுதான் வினை. "வானத்தையே கட்டிக்கிட்டு அழுவுங்க, நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன்" என்று கம்பைநல்லூர் போய்விட்டாள். எனக்கும் வீம்பு. கூப்பிடவில்லை.

23-1, சனி.
வேலை தொடங்கியது. இது கண்ணை வைத்துப் பார்க்கிற டெலஸ்கோப் இல்லை, படம் பிடிக்க மட்டும். பத்து நிலாவை வரிசையாக வைக்கிற அகலத்துக்கு வானம் ஒரே கண்ணாடிப் பிளேட்டில் விழும். இருட்டறையில் கண்ணாடியின் மூலையை உதட்டில் வைத்துப் பார்க்கிறேன் — ஒட்டினால் மருந்து பூசிய பக்கம். அதை லேசாக வளைத்துச் சட்டத்தில் மாட்ட வேண்டும். நேற்று பழகிப் பார்த்ததில் ஒன்று உடைந்தது. இன்று பகல் முழுக்க யாரோடும் பேசவில்லை என்று இப்போதுதான் உறைத்தது.

7-2, ஞாயிறு.
கடிதம் போட்டுவிட்டேன். 'விபூதிப் புதனன்று, 24ஆம் தேதி, சாயங்கால பஸ்ஸில் வந்துவிடு. பஸ் திரும்புகிற இடத்துக்கு மேலேதான் ஷெட்.' மன்னிப்பு என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன்.

16-2.
பதில் இல்லை.

24-2, புதன்.
நாற்பத்தொன்றாம் பிளேட் கெட்டது. ஏழரைக்கு பிளேட்டை வானத்துக்குத் திறந்தோம், ஒரு மணி நேரக் கணக்கு. டெலஸ்கோப்பை ஒட்டியிருக்கிற சின்னப் பார்வைக் குழாயில் ஒரு நட்சத்திரத்தைக் குறுக்குக் கம்பியில் பிடித்தபடி, கண் எடுக்காமல் நிற்கிறேன். கீழேயிருந்து யாரோ ஷெட்டைப் பார்த்து பாட்டரி லைட் அடிக்கிறான். திரும்பாமலே கத்தினேன்: "எவன்டா அது? லைட்ட அணை. கீழ போ." அணைந்தது. டெவலப் செய்தால் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு. "ஓரம்தானே இன்னாசி, விடுங்க" என்றார் சார். எனக்கு ஆறவில்லை.

5-3, வெள்ளி.
புஷ்பாவின் கார்டு. 'புதன்கிழமை வந்தேன். லைட்டை அணைக்கச் சொன்னீங்க, அணைச்சேன். கீழ போகச் சொன்னீங்க, அதே பஸ்ல திரும்பிட்டேன்.'
நாள் குறித்துக் கூப்பிட்டவன் நான். பிளேட் கையில் வந்ததும் நாளே மறந்துபோச்சு. 'எவன்டா'ன்னு கேட்டிருக்கேன் — அவளை. ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தா என்ன?

7-3, ஞாயிறு.
கழித்த பிளேட் பெட்டியிலிருந்து நாற்பத்தொன்றைக் கேட்டேன். சார் எடுத்துக் கொடுத்தார்.

8-3, திங்கள். கம்பைநல்லூர்.
மாமியார் காப்பி கொடுத்தார், முகம் கொடுக்கவில்லை. துணியைப் பிரித்து பிளேட்டை புஷ்பாவிடம் நீட்டினேன். ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள்.
"வெளிச்சம் பட்ட எடம் இதுல கறுப்பா விழும். புள்ளியெல்லாம் நட்சத்திரம். இந்த ஓரம் நீ."
வெகு நேரம் பார்த்தாள். "இவ்ளோ கிட்ட வந்துட்டுத்தானா திரும்புனேன்?" என்றாள்.
வருகிறாயா என்று கேட்டேன். பிளேட்டை மறுபடி துணியில் சுற்றினாள்.
மதியம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பிளேட்டைக் கேட்டேன். தரவில்லை.