வலப்பக்கத்தில் எழுதியவை

ஆவடி,
18.1.2026

அன்புத் தங்கை எவாஞ்சலினுக்கு,

நம் சபை ரூபஸ் அண்ணன் எழுதுவது. மெல்போர்னில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே நான் இருக்கிறேன், சர்க்கரை இருக்கிறது, தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளமும் மூடப்படாமல் அப்படியே இருக்கிறது.

நீ சொன்னபடி உன் அப்பாவின் துணிமணிகளை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டேன். பழைய பேப்பரையெல்லாம் எடைக்குப் போடச் சொன்னாய். அதில் ஒரு நோட்டை மட்டும் போடவில்லை. போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

சபைப் பத்திரிகையில் அவருடைய மரணச் செய்தியை எழுதியது நான்தான். விமானப்படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், வயது எண்பத்தொன்று, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மூன்று வரி. கமிட்டியில் இருந்த மூப்பர்களுக்கு அரைப் பக்கம் ஒதுக்குவது வழக்கம். எனக்கு மனம் வரவில்லை. 2009-ல் சபைப் பள்ளித் தலைமையாசிரியர் பதவிக்கு என் பெயர் வந்தபோது கமிட்டியில் எழுந்து, "ரூபஸ் நல்லாப் படிச்சவன்தான். ஆனா மன்னிக்கத் தெரியாதவன். அவன்கிட்ட பிள்ளைங்கள விடக்கூடாது" என்று சொன்னவர் அவர். பதினாறு வருடமாக அது எனக்கு மனப்பாடம்.

பத்திரிகை வெளிவந்த மறுவாரம் வேப்பம்பட்டிலிருந்து ஆனந்தன் என்ற பெரியவர் அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். விமானப்படையில் உன் அப்பாவின் விமானத்தைப் பராமரித்த மெக்கானிக். வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இன்னா சார், மூணு வரில மூட்ட கட்டிட்டீங்க? எழுபத்தொண்ணு சண்டைல, றெக்கைல இம்மாம் பெரிய ஓட்டையோட வந்து எறக்குனாரு. நாங்கல்லாம் நடுங்கிகினு நிக்கிறோம். கீழ குதிச்சிட்டு, 'ஆனந்தா, சாப்ட்டியா?'ன்றாரு! அவுரு நோட்டு ஒண்ணு கீதே, பாத்தீங்களா நீங்க?"

அப்புறம்தான் பழைய பேப்பர் கட்டைப் பிரித்தேன்.

தன்னோடு பறந்த போர் விமானிகளின் மரணச் செய்திகளை ஆங்கிலப் பத்திரிகைகளிலிருந்து வெட்டி, இடப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். பதினோரு பேர். பதவியும் பதக்கமும் அதிலேயே இருக்கின்றன. பத்திரிகைக்குத் தெரியாததை வலப்பக்கத்தில் தன் கையால் எழுதியிருக்கிறார். "விமானம் தீப்பிடித்த பிறகும் ரேடியோவில் இவன் குரல் மாறவில்லை, மழை வருகிறது என்பதுபோலச் சொன்னான்." இன்னொருவரைப் பற்றி: "போரில் ஒரு கீறல் இல்லை. எழுபத்தாறு வயதில் பேத்திக்கு சைக்கிள் பழக்கும்போது விழுந்து கையை முறித்துக்கொண்டார்." இந்த மனிதரோடுதான் கோயில் நாற்காலிகளை எங்கே போடுவது என்று சண்டை போட்டிருக்கிறேன்.

ஹர்பால் என்றொரு பக்கம். அதை அப்படியே தருகிறேன்:

"வயது இருபத்து நான்கு. அன்று பறக்க வேண்டியவன் நான். எனக்குக் காய்ச்சல் என்று என் விமானத்தில் அவன் போனான், திரும்பவில்லை. டிசம்பர்தோறும் அம்பாலாவுக்குப் போய் அவன் அம்மா கையால் சாப்பிட்டு வருகிறேன். 'காய்ச்சல் விட்டதா, மகனே?' என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாள். ஞானகுமாரி பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரை இன்னும் போட்டுக்கொள்கிறாள்."

உன் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, எவாஞ்சலின்.

அம்பாலாவில் அவருக்கு இன்னொரு குடும்பம் இருப்பதாக ஊரில் பேச்சு வந்ததே, அதை முதலில் பேசியது நான். பதவி கை நழுவிய அந்த டிசம்பரில், பெண்கள் போர்த்தும் சால்வை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சென்ட்ரலில் ரயிலேறுவதைப் பார்த்தேன். எங்கே என்று கேட்டேன். அம்பாலா என்று மட்டும் சொன்னார். பாடகர் குழுவில் நான்கு பேரிடம் சொன்னேன். அது போதுமானதாக இருந்தது. உன் அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இல்லையென்று சொல்ல வீட்டில் வேறு ஆளில்லை. நீ நேரிலேயே கேட்டபோது அவர் சாப்பாட்டை விட்டு எழுந்து போனதாக என்னிடம்தான் வந்து அழுதாய். நான் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருடம் நீ போனவள், அடக்கத்துக்கும் வரவில்லை.

கமிட்டியில் அவர் சொன்னது சரிதான். சரியாகச் சொன்னதால்தான் அவரை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க இதை எழுதவில்லை.

கடைசியாக ஓர் இடப்பக்கத்தின் மேலே தன் பெயரை மட்டும் எழுதி, இரண்டு பக்கத்தையும் காலியாக விட்டிருக்கிறார். இடப்பக்கத்தில் என் மூன்று வரியை வெட்டி ஒட்டிவிட்டேன். வலப்பக்கத்தில் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நோட்டைத் தபாலில் அனுப்பவும் பயமாக இருக்கிறது.

உன் அப்பாவின் வீட்டை வாங்கியவர்களிடம் சாவியைப் பிப்ரவரி பதினைந்தில் கொடுக்க வேண்டும். அதற்குமுன் ஒரு நாள் வந்து அவர் மேஜை முன் உட்காரு, அம்மா. பேனாவுக்கு மை போட்டு வைத்திருக்கிறேன். நீ ஏறும் விமானத்தைக் கர்த்தர் பத்திரமாகத் தரையிறக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் என்று இன்னும் எழுதத் துணியும்
ரூபஸ்