எர்லான் வெட்ட விடாத தோல்விகள்

செவ்வாய் இரவு, நோபல் பார்க்

பக்கத்து வீட்டு எர்லான் கசகஸ்தானில் அமெச்சூர் குத்துச்சண்டைச் சம்பியனாக இருந்தவர். நாளை ஒரு கிளப்பில் பயிற்சியாளர் வேலைக்கு நேர்முகம். அங்கே கொடுக்கத் தன் போட்டி விபரங்களை ஒரு தாளில் எழுதி, பிழை திருத்தித் தரும்படி பின்னேரம் கொண்டுவந்தார்.

பதக்கங்களுக்குக் கீழே, தோற்ற ஏழு போட்டிகளையும் வென்றவர்களின் பெயரோடு எழுதியிருந்தார். நான் அவற்றை வெட்டினேன். தன் இடது கைக் குத்தைத் திருத்தியவர்களே தன்னை வென்ற அவர்கள்தான் என்று சொல்லி, எர்லான் சிரித்தபடி திரும்ப எழுதினார்.

தேநீரோடு வந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, அடி வாங்கின கதை சொல்லியே இவர் வேலை கேக்கப் போறார்?"

"ஓம், அதுதான் சரி" என்றேன்.

நான் கணிதம் படிப்பித்த காலத்தில் பிள்ளைகளிடம், பிழையான வழியை அழிக்காதே, ஒரு கோடு மட்டும் போடு என்பேன். எங்கே வழுக்கினது என்று தெரிந்தால்தான் உதவலாம். இன்று நானே அழிக்கப் பார்த்தேன்.

கிளப்காரர்கள் தோல்விகளை மட்டும் வாசித்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிட்டால்?

வைக்க மாட்டார்கள். ஏன் தோற்றாய் என்று ஒருவராவது கேட்பார். எர்லான் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி, காலை எங்கே பிழையாக வைத்தேன் என்று காட்டுவார். அதன்பிறகு அவர்கள் வேறு ஆள் தேடப்போவதில்லை.