மசாலா இல்லாத பாக்கெட்டுகள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பதினொரு கடிதம். நூடுல்ஸ் தொழிற்சாலையின் தரப் பிரிவில் சேர்ந்து மூன்று மாதம். வரும் புகார்களைப் படித்துப் பதிவு செய்வதுதான் என் வேலை. வேதியியல் படித்தவளுக்கு இதுவா என்று கல்லூரித் தோழி கேட்டாள். எனக்குப் பிடித்திருக்கிறது. யாரிடமும் பேச வேண்டியதில்லை.

அம்மா கீழே இரண்டாம் லைனில், பதினேழு வருடமாக. பொரித்த நூடுல்ஸ் சதுரம் சதுரமாகப் பெல்ட்டில் வரும். கேக் என்போம். ஒவ்வொரு கேக்கின் மேலும் ஒரு மசாலா பாக்கெட்டைக் கையால் வைக்க வேண்டும். நான்கு வரிசை, நான்கு பெண்கள். அம்மா மூன்றாம் வரிசை. வேகத்தைப் பார்த்து அங்கே அவளுக்கு 'மிஷின் அக்கா' என்று பெயர்.

நான் அவள் மகள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. அது அம்மாவின் ஏற்பாடு. "லைன்காரி பொண்ணுன்னு தெரிஞ்சா உன்னை எவளும் மேடம்னு கூப்பிட மாட்டா. உள்ள நீ யாரோ, நான் யாரோ." நான் மறுத்துப் பேசவில்லை. மறுத்திருக்கலாம்.

மார்ச் 7, வெள்ளி

ஒரு பெண்மணி எழுதியிருக்கிறார், பென்சிலில்:

"அவர் போன பிறகு ஒருத்திக்காகச் சமைக்க மனம் வருவதில்லை. தினமும் உங்கள் பாக்கெட் ஒன்றுதான். மூன்று நிமிடத்தில் சூடாக ஏதோ ஒன்று கையில் இருக்கிறது. நேற்று பிரித்தால் மசாலா இல்லை. உப்பு போட்டுச் சாப்பிட்டேன். திட்டுவதற்காக எழுதவில்லை. சொல்ல வேறு ஆள் இல்லை."

இதை எந்தப் பிரிவில் பதிவது?

விடுதி மாணவன் ஒருவனின் கடிதமும் வந்தது. "ஒரே பாக்கெட்டில் இரண்டு மசாலா இருந்தது. நன்றி. இப்படியே தொடரவும்." சிரித்துவிட்டேன். பிரிவுத் தலைவர் எட்டிப் பார்த்தார். "நன்றிக்கெல்லாம் ரிஜிஸ்டர் கிடையாதும்மா. அலமாரியில போடு." அலமாரியில் அப்படி நிறைய கிடக்கின்றன.

மார்ச் 9, ஞாயிறு

பயிற்சி வகுப்பில் சொன்ன கதையை அம்மாவிடம் சொன்னேன். ஜப்பானில், போர் முடிந்த பசிக் காலத்தில், ஒரு கிண்ணம் சுடு நூடுல்ஸுக்காகக் குளிரில் நீண்ட வரிசை நின்றதாம். அதைப் பார்த்த ஒருவருக்கு அது மனதிலேயே நின்றது. பல வருடம் கழித்து, கையில் இருந்ததெல்லாம் போன பிறகு, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு நூடுல்ஸைக் கெடாமல் காயவைக்க வழி தேடினார். எதுவும் சரியாக வரவில்லை. ஒருநாள் மனைவி காய்கறியை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிப்பதைப் பார்த்தாராம். ஈரம் குமிழ் குமிழாக வெளியேறுகிறது. அது போன இடமெல்லாம் நுண்ணிய துளை. பிறகு வெந்நீர் ஊற்றினால் அதே துளை வழியாக நீர் திரும்பிவந்து நூடுல்ஸ் மெத்தென்றாகிறது. முதலில் விற்றபோது கடை நூடுல்ஸைவிட இதுதான் விலை அதிகமாம்.

அம்மா யோசித்தாள். "பொரிச்சது யாரு?"

"அவர் மனைவி."

"அப்ப அந்தம்மா கண்டுபிடிச்சாங்க. இவரு பார்த்தாரு."

மார்ச் 18, செவ்வாய்

ஒவ்வொரு பாக்கெட்டின் பின்னாலும் தேதிக்குக் கீழே லைன் எண், வரிசை எண். மசாலா இல்லை என்று வந்த பதினான்கு பாக்கெட்டுகளை மேசையில் பரப்பினேன்.

பதினான்கிலும் 2 – 3. இரண்டாம் லைன், மூன்றாம் வரிசை.

தவறு என்று நினைத்து மறுபடியும் பார்த்தேன். பதினான்கும்தான். எடை பார்க்கும் இயந்திரத்துக்கு இது பிடிபடாது. கேக்கின் எடையே ஏழெட்டு கிராம் முன்பின் இருக்கும், மசாலாவும் அவ்வளவுதான்.

பதினான்கையும் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். ரிஜிஸ்டரில் ஏற்றவில்லை.

மார்ச் 20, வியாழன்

சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னேன். "கொஞ்சம் பார்த்து வைம்மா. புகார் வருது."

"சரி" என்றாள். எந்த லைன், எந்த வரிசை என்று கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை?

பிறகு கொதித்த பாத்திரத்தைத் துணி இல்லாமல் இறக்கினாள். சுடலையா என்றேன். "வேலை செஞ்ச கை. பேனா பிடிக்கிற கைக்குத்தான் சுடும்." இருவரும் சிரித்தோம்.

ஏப்ரல் 2, புதன்

இன்னும் ஆறு. இழுப்பறையை அழுத்தித்தான் மூட வேண்டியிருந்தது.

ஏப்ரல் 15, செவ்வாய்

பெரிய கடைக்காரர் ஒருவர் நேராகத் தலைவருக்கே போன் செய்துவிட்டார். "உன்கிட்ட எதுவும் வரலையா?" என்று அவர் கேட்டபோது என்னால் பொய் சொல்ல முடியவில்லை. பூட்டைத் திறந்தேன். மொத்தம் இருபத்து மூன்று. "சேர்த்து வச்சுத் தரலாம்னு" என்றேன். நம்பினார். என்னைப் போல் வாய் பேசாதவளை எல்லாரும் நம்புகிறார்கள். அங்கேயே அறிக்கை எழுதச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மதியம் கூட்டம். தலைவர் கேட்டார்: "மூணாவது வரிசை யாரு?"

லைன் மேற்பார்வையாளர் சொன்னார்: "மிஷின் அக்கா சார். கண்ணை மூடிட்டு வைப்பாங்க."

"அதான் பார்த்தேன். கண்ணை மூடிட்டுத்தான் வச்சிருக்காங்க."

எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரிச்சேன். எதுக்குச் சிரிச்சேன்? வாயைத் திறந்து 'எங்கம்மா சார்'னு ஒரு வார்த்தை — அது வரலை. சிரிப்பு மட்டும் வந்துச்சு.

ஏப்ரல் 16, புதன்

அம்மாவை லைனிலிருந்து எடுத்துவிட்டார்கள். கீழே சிந்தும் உடைசல் நூடுல்ஸைக் கூட்டும் வேலை கொடுத்தார்களாம். துடைப்பம் பிடியில் நிற்காமல் இரண்டு தடவை விழுந்ததாம். "வீட்டுக்குப் போங்கக்கா, சொல்லி அனுப்புறோம்" என்றார்களாம்.

அவளே இதையெல்லாம் சொன்னாள், வேறு யாருக்கோ நடந்ததைப் போல. கடைசியில்:

"பேப்பரைக் காட்டுனாங்க. அடியில உன் கையெழுத்து இருந்துச்சு. ஆபீஸ் பேப்பர்ல உன் கையெழுத்தை இப்பதான் பார்க்கிறேன்."

கோபம் இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு நான் கேட்டேன், முன்பே கேட்டிருக்க வேண்டியதை. கையில என்னம்மா?

"உணர்வு தெரியலை பாப்பா. எடுத்தேனா, ஒண்ணா ரெண்டான்னு தெரியலை. கண்ணால பார்த்துப் பார்த்து வச்சேன். பெல்ட்டு நிக்குமா?"

"எத்தனை நாளா?"

"உன் கடைசி வருஷப் பரீட்சைக்கு முன்னாடியிருந்து."

ஏப்ரல் 24, வியாழன்

மருத்துவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கழுத்தெலும்பு தண்டுவடத்தை அழுத்துவதால்தான் கை மரத்திருக்கிறது. முடியைப் பின்னாமல் அள்ளிச் செருகுவது, பொத்தானை விட்டு ஊக்குக் குத்துவது, மாடிப்படியில் சுவரைத் தொட்டுக்கொண்டு இறங்குவது — ஒவ்வொன்றாக அவர் கேட்கக் கேட்க அம்மா தலையாட்டினாள். ஒவ்வொன்றையும் நான் பார்த்திருக்கிறேன். கவனித்துப் பார்ப்பவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு பெருமை உண்டு.

"அறுவை சிகிச்சை செஞ்சா இதுக்கு மேல போகாம நிறுத்தலாம். போனது எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது. முன்னாடியே வந்திருக்கணும். யாரும் கவனிக்கலையா?"

அம்மா முந்திக்கொண்டாள். "நான்தான் மறைச்சேன் டாக்டர். பொண்ணு ரொம்பக் கெட்டிக்காரி."

அலுவலகம் திரும்பியதும் அலமாரியில் கிடந்த நன்றிக் கடிதங்களை எடுத்தேன். இரண்டு மசாலா, இரண்டு மசாலா. மிகப் பழையது இரண்டு வருடத்துக்கு முந்தையது. அம்மாவின் நோய் ஊரெங்கும் போய், நன்றி என்று திரும்பி வந்திருக்கிறது. நான் சேர்வதற்கு முந்தியவற்றுக்கு நான் என்ன செய்திருக்க முடியும்? சரி. ஆனால் மார்ச் பதினெட்டு? அன்றிலிருந்து நான்கு வாரம். அந்த நான்கு வாரமும் நான் பூட்டிக் காப்பாற்றியது அம்மாவின் வேலையை. கையைப் பற்றி ஒரு நாளும் நினைக்கவில்லை.

மே 5, திங்கள்

விடுப்புப் படிவத்தில் காரணம்: தாய்க்கு அறுவை சிகிச்சை.

தலைவர் படித்துவிட்டு, "அம்மா என்ன பண்றாங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"இங்கதான் சார். மிஷின் அக்கா."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கூட்டத்தில் தான் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகம் சிவந்தது. "ஏம்மா அன்னிக்கே சொல்லலை?" கீழே வைத்த பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

இதைக் கேள்விப்பட்டால் அம்மா வருத்தப்படுவாள். ஆனாலும் அவளிடம் சொல்லப் போகிறேன்.

மே 7, புதன்

ஐந்து மணி நேரம். முடிந்தது.

மே 19, திங்கள்

இன்றிலிருந்து மறுபடி வேலை. கீழே லைன் பெண்கள் யாரும் மேடம் என்று கூப்பிடவில்லை. ஒருத்தி மட்டும் கிட்டே வந்து, "அம்மா கை எப்படிடி இருக்கு?" என்றாள். கழிவறைக்குள் போய் அழுதேன்.

ஜூன் 8, ஞாயிறு

கழுத்துப் பட்டையைக் கழற்ற இன்னும் நாளிருக்கிறது. நடை கொஞ்சம் தேறியிருக்கிறது. விரல்கள் அப்படியேதான். இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்பதை மருத்துவர் வெள்ளிக்கிழமை நல்ல வார்த்தைகளில் சொன்னார்.

மதியம் நூடுல்ஸ் போதும் என்றாள். முள்கரண்டியில் சுற்ற அவளால் முடிவதில்லை, நழுவி மடியில் விழுகிறது. அதனால் கொதிக்கும் நீரில் போடுவதற்கு முன், அவளுக்குத் தெரியாமல் கேக்கைத் துண்டு துண்டாக உடைத்தேன். கரண்டியோடு கிண்ணத்தை முன்னால் வைத்தேன்.

அம்மா கிண்ணத்தையே பார்த்தாள்.

"உடைசல் பாக்கெட்டா?"

"ஆமாம்மா. லைன்லயே உடைஞ்சிருக்கும்."

"லைன்ல உடைஞ்சா ஓரம் தூளாகும்." கரண்டியை உள்ளங்கையோடு சேர்த்துப் பிடித்து அள்ளினாள். சிந்தவில்லை. இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு, நிமிராமலே சொன்னாள்:

"நாளைக்கு இன்னும் கொஞ்சம் சின்னதா உடை."