பதினைந்து எண்ணுவதற்குள்

1973 பெப்ரவரி 9, வெள்ளி

ஜும்ஆ முடிந்து, பள்ளிவாசல் முன்னால் பாதி ஊர் பார்த்திருக்க, கராஜ்காரர் முஹம்மது தம்பியின் சைக்கிளை என் வான் வண்டியால் சாய்த்துவிட்டேன். பிறேக்கில் கால் வைத்துத்தான் நின்றேன். அவருக்கு ஸலாம் சொல்லி முடிவதற்குள் பெடல் மெல்ல மெல்ல அடிப்பலகை வரை இறங்க, சரிவில் வான் நகர்ந்துவிட்டது.

“ஸலாம் சொல்ல வானும் கூட வரணுமா காக்கா?” என்றார், பெயரில் மட்டுமல்ல முறையிலும் எனக்குத் தம்பியான அவர்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

பெப்ரவரி 10

சிரிப்பு போய்விட்டது. மகள் ஸாலிஹாவுக்கு இது ஒன்பதாம் மாதம். பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம், திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டார். கிண்ணியாத் துறையின் சரிவில் இறங்கி, ‘பாதை’ என்கிற மிதவையில் வானை ஏற்றி, அக்கரை போக வேண்டும். சரிவில் பிறேக் பிடிக்காவிட்டால்? பாதைக்கு அந்தப் பக்கம் கடல்தான்.

பெப்ரவரி 12

பிறேக் ஒயில் குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். மனைவி ஜெமீலாவைப் பெடலில் இருத்திவிட்டு நான் வானுக்கு அடியில். “அமத்து.” “விடு.” “அமத்து.” முப்பதாவது தடவை, “நிக்காஹ்வில இந்த வேலை சொல்லல்லயே” என்றாள்.

காற்றெல்லாம் போனது. கால் வைத்து எண்ணினேன். பதினைந்தில் பெடல் பலகையைத் தொட்டது. அடித்தடித்து மிதித்தால் மேலே வருகிறது. காலைப் பதித்து வைத்தால் இறங்குகிறது.

பெப்ரவரி 13

நான்கு சக்கரங்களையும் கழற்றினேன். எங்கும் ஒயில் கசிவில்லை, நான் உடுத்திருந்த சாரத்தைத் தவிர.

பெப்ரவரி 15

மருமகன் முனாப் துறைமுகப் பட்டறையில் இயந்திரம் திருத்துகிறவர். கல்யாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருடம். எங்கள் வழக்கப்படி மாமனார் முன்னால் உட்காரவும் மாட்டார், வாய் திறக்கவும் மாட்டார். அவருடைய கதை ஸாலிஹாவிடம் தொடங்கி, குசினிக்குள் அடுப்படியில் ஜெமீலாவிடம் போய், தேத்தண்ணியோடு என்னிடம் வரும்.

“மருமகன் சொல்றாராம், ஒயில் வெளிய ஒழுகல்ல, பெடல் அமத்துற மாஸ்டர் சிலிண்டருக்கு உள்ளுக்கு ஒழுகுதாம்.”

“உள்ளுக்கு ஒழுகினா ஒயில் எங்க போகும்? ஊர் சுத்தவா?”

தேத்தண்ணி ஆறுமுன் பதில் வந்தது. “வந்த இடத்துக்கே திரும்பிப் போகுதாம். அதுதான் மட்டம் குறையல்ல.”

எழும்பிப் போய்ப் பார்த்தேன். ஒயில் டப்பாவில், காற்றெடுத்த அன்று நான் கீறிய கோட்டிலேயே மட்டம் நின்றது. திரும்பி வந்து, “இதை நான் முதலே நினைச்சனான்” என்றேன். குசினிக்குள் இரண்டு பொம்பிளைகளும் சிரித்த சத்தம் அடங்க நேரமாயிற்று.

பெப்ரவரி 17

முனாப் சிலிண்டரைக் கழற்றினார். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன், இரண்டு தடவை பிழையான ஸ்பானர். உள்ளே ஒயிலைத் தள்ளுகிற றப்பர் கிண்ணம் பாலில் ஊறிய பாண் ரொட்டி மாதிரி ஊதிப்போய் இருந்தது. அதை மோந்து பார்த்தார். பிறகு முருங்கை மரத்தைப் பார்த்து, “என்ஜின் ஒயில் ஊத்தினா றப்பர் இப்படித்தான் ஆகும்” என்றார்.

நானும் முருங்கை மரத்துக்கே சொன்னேன்: “முஹம்மது தம்பிட கராஜ்ல ஊத்தியிருப்பானுகள்.”

பெப்ரவரி 20

இங்கே எந்தக் கடையிலும் றப்பர் இல்லை. சாமான் வருவதே இல்லையாம். முனாப் லீவு போட்டு கொழும்புக்குப் போய், சக்கரங்களுக்கும் சேர்த்து வாங்கி வந்துவிட்டார். குழாய்களை ஸ்பிரிட்டால் கழுவுகிறார்.

பெப்ரவரி 21

“மாமா, மிதிச்சிப் பாருங்க.”

குசினி வழியாக இல்லை. நேரே என்னிடம்! பதறிப்போய் ஏறி மிதித்தேன். பதினைந்து. முப்பது. நூறு. பெடல் அசையவில்லை.

“என்ன, பேரப்பிள்ளை பிறக்கும் வரைக்கும் மிதிச்சிக்கிட்டு இரிக்கப் போறீங்களா?” என்றாள் ஜெமீலா.

பெப்ரவரி 24

விடிய ஸாலிஹாவுக்குப் பிள்ளை நோவு. சாவியை முனாப்பிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் இருந்தேன். துறைச் சரிவில் என் வலது கால் தானாக அடித்தட்டை மிதித்தது. அங்கே என்ன பிறேக்கா இருக்கிறது! பாதைக்கு ஒரு முழம் முன்னால் வான் நின்றது. அப்படியே நின்றது.

ஆஸ்பத்திரியில் வயிற்றை வெட்டித்தான் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. இருவரும் சுகம். அல்ஹம்துலில்லாஹ்.

மார்ச் 2, வெள்ளி

பள்ளிவாசல் முன்னால் முஹம்மது தம்பி. “யாரோ என்ஜின் ஒயில் ஊத்தினதாமே?” என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன், “பழைய றப்பர்தானே காக்கா, கெட்டுப்போகும்தானே” என்றார் என்னோடு வந்திருந்த முனாப்.

வானில் ஏறும்போதுதான் கண்டேன். ஆசனத்தடியில் இருந்த சின்னப் போத்தலில் முனாப்பின் கையெழுத்தில் ஒரு கடதாசி: ‘பிறேக்குக்கு மட்டும்.’ பக்கத்தில் என் என்ஜின் ஒயில் டின்னிலும் ஒன்று: ‘பிறேக்குக்கு அல்ல.’

வழி முழுக்க இருவரும் கதைத்தோம். பிள்ளைக்கு என்ன பேர், மழை, பாதைக் கூட்டம், எல்லாம். வீட்டு வளைவில் ஒரு தடவை வாய் திறந்தேன். திறந்து, வெயில் கடுமை என்றேன்.

அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்: டிசம்பரில் கடையில் பிறேக் ஒயில் இல்லாமல் போக, எல்லாம் ஒயில்தானே என்று ஊத்தினது நான்தான், மகன்.